பதிவேடுகளின் வழியே ஒரு புலம்பெயர்ந்தோன்: ஜான் பீட்டர் ஸெங்கர்

அமெரிக்க இதழியல் வரலாற்றை எழுதுவோர் எவரும் 1735 ஆகஸ்டு 4ஆம் நாளைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. அன்று நியூயார்க் நகர மன்றத்தில் ஜான் பீட்டர் ஸெங்கர் என்னும் அச்சகத்தார் மீது ஆளுநரை அவதூறு செய்தார் எனும் வழக்கு விசாரிக்கப்பட்டது. பன்னிரு ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என்றனர். எழுத்துரிமையின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாக அத்தீர்ப்பு கொண்டாடப்படுகிறது. அவ்வொரு நாளுக்கு முன்னும் பின்னும் அம்மனிதர் யாராக இருந்தார் என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. அவர் ஆங்கிலேயரல்லர், ஜெர்மானிய அகதிக் குடும்பத்தின் பிள்ளை. 1697இல் பிறந்து, பதின்மூன்றாம் வயதில் தந்தையை இழந்த நிலையில் நியூயார்க்கில் கரையேறியவர். அவர் தன்வரலாறு எழுதவில்லை. அவரது வாழ்வைக் கப்பல் அகதிகளின் பெயர்ப்பட்டியல், தொழிற்பயிற்சி ஒப்பந்தம், தேவாலயப் பதிவேடு, சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பு, நீதிமன்றத் தாள் ஆகியவற்றிலிருந்தே கோத்தெடுக்க வேண்டியுள்ளது.

இன்று அமெரிக்காவில் தம் ஜெர்மானிய மூதாதையைத் தேடும் எளிய குடும்பத்தார்க்கும் இவ்வழி ஒன்றே உண்டு. ஆதலின் ஸெங்கரின் வாழ்வு புகழ்பெற்ற ஒருவரின் வரலாறாக மட்டுமன்றி, பதிவேடுகளைக் கொண்டு குடிபெயர்ந்தவர் ஒருவரை மீட்டெடுக்கும் முறைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகவும் அமைகிறது. இக்கட்டுரை அவ்விரு நோக்கில் அவரைப் பின்தொடர்கிறது.

புறப்பட்ட இடம்

ரைன் ஆற்றின் மேற்குக் கரையில், பிரான்சின் எல்லையை ஒட்டி அமைந்தது பலட்டினேட் பகுதி. 1689இல் பிரெஞ்சுப் படைகள் அங்குள்ள நகரங்களையும் சிற்றூர்களையும் எரித்தன. 1707இல் மீண்டும் படையெடுப்பு நிகழ்ந்தது. 1708–1709ஆம் ஆண்டுக் குளிர்காலம் ஐரோப்பா முழுவதையும் உறையச் செய்தது. திராட்சைக் கொடிகள் வேரோடு பட்டன. போர் வரிச்சுமை வேறு. இவற்றோடு யோஷுவா கோகெர்தால் என்ற லூத்தரன் போதகர், கடலுக்கப்பால் உள்ள ஆங்கிலேயக் குடியேற்றங்களைப் புகழ்ந்து எழுதிய சிறுநூல் ஊர்தோறும் படிக்கப்பட்டது. 1709 மே மாதம் தொடங்கி இலையுதிர்காலம் வரை ஏறத்தாழ 13,000 பேர் ரைன் ஆற்றில் படகேறி ராட்டர்டாம் வழியாக இலண்டனை அடைந்தனர். பிளாக்ஹீத், கேம்பர்வெல் முதலிய திடல்களில் கூடாரங்களில் தங்கவைக்கப்பட்டனர். அவர்கள் அனைவரையும் ஆங்கிலேயர் ‘பலட்டினர்’ என்ற ஒரே பெயரால் அழைத்தனர். அண்டைப் பகுதிகளிலிருந்து வந்தவர்களும் அப்பெயருக்குள் அடங்கிவிட்டனர். மூதாதையைத் தேடுவோர் முதலில் இடறி விழும் கல் இதுவே. ‘பலட்டினர்’ என்ற சொல்லை நம்பி அப்பகுதியில் மட்டும் தேடினால் உரிய ஊர் அகப்படாமற் போகலாம்.

ஸெங்கர் குடும்பம் உண்மையிலேயே பலட்டினேட்டைச் சேர்ந்ததுதான். தந்தை நிகோலாஸ் எபர்ஹார்ட் ஸெங்கர் 1701இல் இம்ஃப்லிங்கன் என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தார். இக்குடும்பத்துக் குழந்தைகளின் திருமுழுக்குப் பதிவுகள் 1697, 1703 ஆகிய ஆண்டுகளில் ரும்பாக் என்னும் ஊரிலும், 1706இல் வால்ட்ஃபிஷ்பாக் என்னும் ஊரிலும் காணப்படுகின்றன. உழவர் குடும்பமாயின் மூன்று தலைமுறையும் ஒரே தேவாலயப் பதிவேட்டில் அடங்கிவிடும். ஆசிரியர் வேலை கிடைத்த ஊருக்குப் பெயர்பவர். அவருடைய பிள்ளைகளின் பெயர்களும் ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கின்றன. குடும்பத் தலைவரின் தொழில் எது என்று அறிந்தால் எத்தனை ஊர்களில் தேடவேண்டும் என்பதும் விளங்கிவிடும். பிள்ளைகள் படிப்பறிவுள்ள வீட்டில் வளர்ந்தனர் என்ற செய்தியும் இதனுள் அடங்கியுள்ளது. பின்னாளில் நியூயார்க்கில் பதின்மூன்று வயதுச் சிறுவன் அச்சகத்துக்கு அனுப்பப்பட்டதற்கு இப்பின்புலம் துணைசெய்திருக்கலாம் என்பது என் ஊகம்.

இலண்டனில் இவ்வகதிகளுக்கு உதவியவர்களுள் அரசவை போதகரான அன்டன் வில்ஹெல்ம் பியோமெ ஒருவர். ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தைச் சேர்ந்தவர். தரங்கம்பாடியிலிருந்து சீகன்பால்கு எழுதிய கடிதங்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1709இல் வெளியிட்டவரும் அவரே. தமிழ்நாட்டுக் கடற்கரையில் அச்சுக்கூடம் ஒன்று அமைவதற்கு இலண்டனில் ஆதரவு திரட்டியதில் அந்நூலுக்குப் பங்குண்டு. பலட்டினேட் அகதிகளின் பயணத்தை அவர் ஊக்குவிக்கவில்லை; கோகெர்தாலின் சிறுநூலை மறுத்து 1711இல் தாமே ஒரு நூல் வெளியிட்டார். தமிழ் அச்சு வரலாற்றைப் பயில்வோர்க்கு அறிமுகமான ஒருவர், ஸெங்கரைக் கடல் கடக்கச் செய்த நிகழ்வின் ஓரத்திலும் நிற்பதைக் காண்பது வியப்பூட்டுவதாகும். ஒரே ஆண்டில், ஒரே நகரில், ஒரே மனிதரின் மேசைமீது தரங்கம்பாடிக் கடிதங்களும் பிளாக்ஹீத் அகதிகளின் துயரமும் ஒருங்கே இருந்திருக்கின்றன.

பட்டியலும் பெயரும்

இலண்டனுக்கு வந்தவர்களுள் ஏறத்தாழ 3,000 பேரை நியூயார்க்குக்கு அனுப்ப ஆங்கில அரசு முடிவு செய்தது. ஹட்சன் ஆற்றங்கரைப் பைன் காடுகளில் கப்பற்படைக்குரிய கீல் காய்ச்சும் வேலைக்கு அவர்கள் வேண்டப்பட்டனர். 1709 டிசம்பரில் கப்பலேறியவர்கள் மாதக்கணக்கில் இங்கிலாந்துக் கரையோரமே காத்துக்கிடந்தனர். 1710 ஏப்ரலில் தான் கப்பல்கள் அட்லாண்டிக்கை நோக்கிப் புறப்பட்டன. ஜூன் முதல் ஒவ்வொன்றாக நியூயார்க்கை அடைந்தன. நச்சுக் காய்ச்சல் கப்பல்களிலேயே நூற்றுக்கணக்கானோரை மாய்த்திருந்தது. எஞ்சியோரை நகருக்குள் விட அஞ்சி, துறைமுகத்திலிருந்த நட்டன் தீவில் தங்கவைத்தனர். அதுவே இன்று கவர்னர்ஸ் தீவு எனப்படுகிறது.

அவ்வாண்டு நகரில் இருந்த பலட்டினரைக் கணக்கெடுத்த பட்டியலில் ஸெங்கர் குடும்பம் முதன்முறையாக அமெரிக்க ஆவணத்தில் தோன்றுகிறது. குடும்பத் தலைவர் இடத்தில் தந்தையின் பெயர் இல்லை. ‘ஸாங்கரின்’ என்ற பெயரோடு ஜோஹான்னா என்ற பெண் குறிக்கப்படுகிறார், வயது 33. உடன் ஜான் பீட்டர், வயது 13. அவனுக்கு இளையோராக ஒரு தம்பியும் ஒரு தங்கையும் உண்டு. நிகோலாஸ் இறந்தார் என்பதை மனைவி கைம்பெண்ணாகத் தனித்து நிற்கும் இவ்வரியிலிருந்தே அறிகிறோம். இறப்பு பதிவு செய்யப்படவில்லை. ஓர் இடம் வெறுமையாக உள்ளது. அவ்வளவே.

‘ஸாங்கரின்’ என்ற வடிவம் சற்று நின்று நோக்கத்தக்கது. அக்கால ஜெர்மானிய வழக்கில் பெண்ணின் குடும்பப் பெயரோடு ‘இன்’ என்ற பெண்பால் விகுதி சேரும். குறவன், குறத்தி எனத் தமிழில் பால் காட்டுவது போன்றது இது. அங்கு அது குடும்பப் பெயர்களின் மீதும் ஏறியது. ஸெங்கரின் மனைவி என்பதே அதன் பொருள். ஆங்கிலேய எழுத்தர் இதை அறியார். காதில் விழுந்ததை அப்படியே எழுதினார்; ஸெங்கர் என்பது அவர் காதில் ஸாங்கர் என விழுந்தது. பெயரகராதி ஒன்றைக் கொண்டு மட்டும் தேடுபவர், தாய் ஒரு குடும்பம், மகன் வேறொரு குடும்பம் என்றே முடிவு கட்டுவார். இருபதாம் நூற்றாண்டில் வெளிவந்த சில அச்சுத் தொகுப்புகளிலும் இத்தகைய பிளவுகள் உண்டு. இதே விகுதி ஸெங்கரின் வாழ்வில் இன்னொரு முறையும் வருகிறது. அவருடைய இரண்டாம் மனைவியைச் சில நூல்கள் அன்னா கத்தரீனா மவுல் என்றும், சில மவுலின் என்றும் எழுதுகின்றன. இரண்டும் ஒருவரே. குடும்பப் பெயர் மவுல். ‘இன்’ என்பது பெண்பால் விகுதி.

‘ஜோஹான்’ என்பதும் இவ்வாறே மயக்கம் தருவது. அண்ணன் பெயர் ஜோஹான் பீட்டர், தம்பி பெயர் ஜோஹான்னஸ். இருவர்க்கும் ஒரே பெயரை எந்தப் பெற்றோரும் இடுவரோ என வினவியவர் உண்டு. ஜெர்மானியரிடையே ‘ஜோஹான்’ திருமுழுக்கின்போது பொதுவாக முன்னொட்டாக இடப்பட்டது. அழைக்கும் பெயர் அதற்கடுத்துள்ள பெயரே. ஆகவே வீட்டில் அவர் பீட்டர். ஆங்கிலேயர் நடுவே வந்தபோது முன்னொட்டே முதற்பெயராகி ‘ஜான்’ ஆயிற்று. வரலாற்றில் அவர் பெற்றுள்ள பெயரின் முதற்சொல் அவர் தாய் அவரை அழைத்த பெயரன்று.

இப்பட்டியல்கள் ஏன் எழுதப்பட்டன என்பதை அறிந்தாலன்றி அவற்றைச் சரியாகப் படிக்க இயலாது. ஆளுநர் ராபர்ட் ஹன்டர் அகதிகளுக்குப் படிச்செலவு தந்தார்: பெரியவர்க்கு நாளொன்றுக்கு ஆறு பென்ஸ், பத்து வயதுக்குட்பட்டவர்க்கு நான்கு பென்ஸ். இத்தொகையை இலண்டன் கருவூலத்திலிருந்து மீட்பதற்காகவே 1710 முதல் 1712 வரை குடும்பவாரியான கணக்கேடு வைக்கப்பட்டது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு எண்கள்: பத்து வயதுக்கு மேற்பட்டோர் எத்தனை, கீழ்ப்பட்டோர் எத்தனை. மனிதரைப் பற்றிய அக்கறையன்று, செலவுக் கணக்கே அதன் நோக்கம். எனினும் கீழ் எண் ஒன்று குறைந்து மேல் எண் ஒன்று கூடினால் ஒரு பிள்ளைக்குப் பத்து வயது நிறைந்தது எனலாம். கீழ் எண் மட்டும் குறைந்தால் பெரும்பாலும் ஒரு குழந்தையின் சாவு. வேறெங்கும் பதிவாகாத பிறப்பும் இறப்பும் நான்கு பென்ஸ் வேறுபாட்டால் நமக்குத் தெரியவருகின்றன.

அக்கணக்கேட்டில் இல்லாதது சொந்த ஊர். எழுத்தருக்கு அது தேவைப்படவில்லை. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இந்திய ஒப்பந்தத் தொழிலாளரின் கப்பல் பட்டியல்களில் தந்தை பெயர், மாவட்டம், தாலுகா, ஊர், சாதி, உடல் அடையாளம் எனப் பலவும் இடம்பெற்றுள்ளன. தென்னாப்பிரிக்கத் தமிழர் பலர் அவற்றைக் கொண்டு தம் முன்னோரின் சிற்றூரைக் கண்டறிந்துள்ளனர். தப்பியோடினால் பிடிப்பதற்கென எழுதப்பட்டவை பேரப்பிள்ளைகளுக்கு வழிகாட்டியாயின. 1710ஆம் ஆண்டு அகதிகளின் வழித்தோன்றல்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அக்குறையை நீக்கியவர் ஹென்றி ஜோன்ஸ் என்ற ஆய்வாளர். நியூயார்க்குக்கு வந்த 847 குடும்பங்களைப் பற்றி அவர் தொகுத்த இரு பெருந்தொகுதிகள் 1985இல் வெளிவந்தன. ஒரு குடும்பத்தை மட்டும் தனித்துத் தேடாமல், பட்டியலில் அதன் அருகே நிற்கும் குடும்பங்கள் எவை, பிள்ளைகளுக்கு ஞானப் பெற்றோராக நின்றவர் எவர் என அவர் நோக்கினார். ஓர் ஊரார் ஒன்றாகவே புறப்பட்டனர். கடல் கடந்த பின்னும் ஒருவர் பிள்ளைக்கு மற்றவர் ஞானத்தந்தையாயினர். அண்டைவீட்டாரின் ஊர் கிடைத்தால் இவருடைய ஊரும் கிடைத்துவிடுகிறது. ஜெர்மானியச் சிற்றூர்களின் தேவாலயப் பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி அவர் குழுவினர் பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்களின் பூர்வீகத்தை மெய்ப்பித்தனர்.

ஒப்பந்தம்

1710 அக்டோபர் 26ஆம் நாளிட்ட ஒப்பந்தம் ஸெங்கரின் வாழ்வில் தலையாய ஆவணம் என்பேன். வழக்கின் தீர்ப்பைவிட இதுவே அவரை உருவாக்கியது. பதின்மூன்று வயதுப் பையன் வில்லியம் பிராட்ஃபோர்டு என்ற அச்சகத்தாரிடம் எட்டாண்டுகள் தொழில் பழகுநனாகக் கட்டுண்டான். கட்டுவித்தவர் ஆளுநர். அகதிப் பிள்ளைகளை இவ்வாறு பகிர்ந்தளித்ததன் நோக்கம் படிச்செலவைக் குறைப்பதே. தாய் தந்தை இருவரையும் இழந்தோர் மட்டுமல்லர். ஒருவர் உயிரோடிருந்த பிள்ளைகளும், இருவருமே இருந்த பிள்ளைகளும் அனுப்பப்பட்டனர். பின்னாளில் பென்சில்வேனியாவில் பழங்குடியினரோடு தூது நடத்திப் புகழ்பெற்ற கான்ராட் வைசரின் தம்பியர் இருவர் லாங் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பலட்டினர் இலண்டனுக்கு அனுப்பிய முறையீடுகளில், பிள்ளைகளைத் தம்மிடமிருந்து பிரித்தனர் என்ற குற்றச்சாட்டும் இடம்பெற்றுள்ளது.

1710 முதல் 1714 வரை இவ்வாறு அளிக்கப்பட்ட பிள்ளைகளின் பட்டியல் அச்சில் கிடைக்கிறது. பிள்ளையின் பெயர், வயது, பெற்றோர் பெயர், பெற்றுக்கொண்டவர் பெயர், அவர் ஊர், நாள் என்ற கட்டங்கள். படிப்பவர்க்கு இது ஒரு பொருட்பட்டியல் போலவே தோன்றும். சிலர் தொலைதூரக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். அங்கு ஆங்கிலேயக் குடும்பங்களின் நடுவே வளர்ந்து தாய்மொழியையும் சில நேரங்களில் பெயரையும் இழந்தனர். குடும்ப வரலாறு தேடுவோர்க்கு இப்பட்டியல் ஒரு பாலம். ஒரு கரையில் தாயின் பெயர், மறு கரையில் எசமானனின் ஊர். பெற்றோருடைய ஊரில் தேடி அகப்படாத பிள்ளையை எசமானனின் ஊர்ப் பதிவேட்டில் தேட வேண்டும்.

ஸெங்கருக்கு இதில் ஒரு வாய்ப்பும் அமைந்தது. நகரத்திலேயே, தாயிருந்த இடத்துக்கருகிலேயே அவர் வைக்கப்பட்டார். பிராட்ஃபோர்டு நியூயார்க்கின் முதல் அச்சகத்தார். அதற்குமுன் பிலடெல்பியாவில் ஒரு சமயப் பூசல் நூலை அச்சிட்டதற்காக 1692இல் வழக்குத் தொடரப்பட்டவர். அங்கிருந்து 1693இல் நியூயார்க்குக்கு வந்து அரசு அச்சகத்தாரானார். அச்சிட்டதற்காகக் கூண்டில் நின்றவரிடமே ஸெங்கர் எழுத்துக் கோத்துப் பழகினார். அவர் ஈய எழுத்துகளை அடுக்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் தரங்கம்பாடியில், ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகளைக் கொண்டு அச்சுவேலை தொடங்கியிருந்தது என்பதை இடையே நினைத்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தக் காலம் 1718இல் முடிந்தது. பிறகு நான்காண்டுகள் அவர் நிலைகொள்ளாமல் அலைந்தார். 1719இல் பிலடெல்பியா பிரெஸ்பிட்டேரியன் தேவாலயத்தில் மேரி வைட் என்பவரை மணந்தார். 1720இல் மேரிலாந்தின் கென்ட் பகுதியில் காணப்படுகிறார். சட்டமன்றத்தின் சட்டங்களை அச்சிட இசைவு கேட்டு விண்ணப்பித்தார். அவ்வாண்டே அங்கு அவருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டமும் நிறைவேறியது. ஜெர்மானியராகப் பிறந்தவர் ஆங்கிலேய ஆட்சியில் அயலார். அயலார் நிலம் வைத்திருப்பதிலும் அதைப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வதிலும் இடர்ப்பாடு உண்டு. ஆதலின் குடியுரிமை ஆவணம் கிடைத்தால், அந்த மனிதர் அவ்விடத்தில் வேரூன்ற எண்ணினார் என்று கொள்ளலாம். ஸெங்கர் மேரிலாந்திலேயே வாழ்ந்து முடிக்க எண்ணியிருந்தார் என்பதற்கு இது சான்று. அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. 1722இல் நியூயார்க் டச்சுச் சீர்திருத்தத் தேவாலயத்தின் திருமணப் பதிவேட்டில் மீண்டும் வருகிறார். அங்கு அவர் மனைவியை இழந்தவர். மேரி வைட்டின் மறைவை இந்த ஒரு சொல்லே தெரிவிக்கிறது. நிகோலாஸின் சாவு ஜோஹான்னாவின் கைம்மையிலும், மேரியின் சாவு பீட்டரின் மறுமணத்திலும் பதிவாகியுள்ளன. அக்கால எளியோரின் சாவு எஞ்சியிருப்பவரின் பெயரருகே ஓர் அடைமொழியாகவே எழுதப்பட்டது.

புதிய மனைவி அன்னா கத்தரீனா மவுல். 1723இல் ஸெங்கர் நியூயார்க் நகரத்தின் உரிமைக்குடியாகப் பதிவு செய்யப்பட்டார்; நகரில் தொழில் நடத்த அது வேண்டும். 1725இல் பழைய எசமானன் பிராட்ஃபோர்டுடன் சிறிது காலம் கூட்டாக இருந்து, அடுத்த ஆண்டு ஸ்மித் தெருவில் தனி அச்சகம் வைத்தார். அரசுப் பணி அனைத்தும் பிராட்ஃபோர்டிடம் இருந்தது. ஸெங்கருக்குக் கிட்டியவை பெரும்பாலும் டச்சு மொழிச் சமய நூல்கள். 1730இல் பீட்டர் வெனெமா என்பவரின் டச்சு எண்கணித நூலை அச்சிட்டார். ஜெர்மன் வீட்டில் பிறந்து, ஆங்கிலேயரிடம் தொழில் கற்று, டச்சுக்காரர்க்கு நூல் அச்சிட்டுப் பிழைத்தவர் அவர். இதை ஏன் சொல்கிறேனெனில், 1735இன் ஜூரிகள் பட்டியலைப் படிக்கையில் ருட்கர்ஸ், மார்ஷால்க், வான் போர்சம், கெட்டெல்டாஸ் என டச்சுப் பெயர்கள் பல கண்ணிற்படுகின்றன. அவர்கள் முன் நின்றவர் அயலாரல்லர். அவர்களுடைய தேவாலயத்தில் மணம் முடித்தவர், அவர்களுடைய மொழி நூல்களை அச்சிட்டவர். விடுதலைக்கு வழக்கறிஞரின் வாதமே முழுக் காரணம் என எழுதுவோர் இப்பதிவேடுகளையும் கருத்திற்கொள்வது நன்று.

வழக்கில் பேசாதவர்

1733 நவம்பர் 5ஆம் நாள் ‘நியூயார்க் வீக்லி ஜர்னல்’ தொடங்கியது. ஆளுநர் வில்லியம் காஸ்பியை எதிர்த்த செல்வர்களும் வழக்கறிஞர்களும், குறிப்பாக ஜேம்ஸ் அலெக்சாண்டர், அதற்கு எழுதினர். அச்சிட்டவர் பெயர் மட்டுமே இதழில் இருந்தது. 1734 நவம்பரில் நான்கு இதழ்களைப் பொதுவிடத்தில் எரிக்க ஆளுநர் அவை ஆணையிட்டது. நகர அதிகாரிகள் அதில் பங்குகொள்ள மறுக்கவே, ஷெரிஃபின் கறுப்பின அடிமை ஒருவரைக் கொண்டு எரித்தனர். 17ஆம் நாள் ஸெங்கர் கைதானார்.

பிணைத்தொகை அவருக்கு 400 பவுண்டு. இரு பிணையாளர்க்குத் தலா 200 பவுண்டு. கடன்களைத் தீர்த்தபின், தொழிற்கருவிகளும் உடுத்தும் துணியும் நீங்கலாகத் தமக்கு 40 பவுண்டுப் பெறுமானமும் இல்லை என அவர் சத்தியம் செய்து தெரிவித்தார். பதின்மூன்று வயதில் ஒன்றுமில்லாமல் வந்தவர், முப்பத்தேழு வயதில் எந்த அளவுக்கு உயர்ந்திருந்தார் என்பதை இதைவிடத் துல்லியமாக எந்த வாழ்க்கை வரலாறும் சொல்லவில்லை. பிணை கட்டும் வசதி அவருக்குப் பின்னால் நின்ற செல்வர்களிடம் இருந்தது. அவர்கள் கட்டவில்லை. சிறையிலிருக்கும் அச்சகத்தார் வெளியிலிருக்கும் அச்சகத்தாரைவிட அவர்கள் கட்சிக்குப் பயன்பட்டார் எனக் கருதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அக்கருத்தை மறுக்கத்தக்க ஆவணம் எதையும் நான் காணேன்.

ஏறத்தாழ ஒன்பது மாதம் அவர் சிறையில் இருந்தார். கைதான வாரத்தில் ஓரிதழ் தவறியது. 25ஆம் நாள் வந்த இதழில் அவர் பெயரில் ஓர் அறிவிப்பு: கதவிலுள்ள துளை வழியே மனைவியுடனும் வேலையாட்களுடனும் பேசும் இசைவு கிடைத்திருப்பதால் இனி இதழ் தடையின்றி வரும் என்பது அதன் கருத்து. அது பொய்க்கவில்லை. அலெக்சாண்டரும் வில்லியம் ஸ்மித்தும் நீதிபதிகளின் நியமனத்தையே கேள்விக்குள்ளாக்க, 1735 ஏப்ரலில் தலைமை நீதிபதி ஜேம்ஸ் டி லான்சி அவர்களை வழக்காடும் உரிமையிலிருந்து நீக்கினார். பிலடெல்பியாவிலிருந்து முதியவரான ஆண்ட்ரூ ஹாமில்டன் வந்து வாதிட்டார். இதழ்களை அச்சிட்டவர் ஸெங்கரே என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டு, எழுதியது உண்மையாயின் அது அவதூறாகுமா என்பதையே ஜூரிகள் முன் வைத்தார். மறுநாள் ஸெங்கர் விடுவிக்கப்பட்டார்.

தம் வழக்கிலேயே ஸெங்கர் வாதிடவில்லை, பேசியவர் ஹாமில்டன். 1736இல் அவர் அச்சகத்திலிருந்து வெளிவந்த வழக்கு வரலாறு ‘நான்’ எனத் தன்மை இடத்தில் அவர் பெயராலேயே எழுதப்பட்டுள்ளது. அதன் பெரும்பகுதியை எழுதியவர் அலெக்சாண்டர். எனவே அவர் கூற்றாக மேற்கோள் காட்டப்படுவனவற்றுள் மிகுதியும் அவர் கூற்றல்ல. குடிபெயர்ந்த ஒருவரின் குரலைத் தேடிச் செல்பவர், மிகப் புகழ்பெற்ற ஆவணத்தில்தான் அக்குரல் மிகக் குறைவாக உள்ளது என்பதை உணர்கிறார். கதவுத் துளையைப் பற்றிய அவ்வறிவிப்பும், 40 பவுண்டு பற்றிய சத்தியமும் அவருக்கு அதனினும் அணுக்கமானவை.

1737இல் நியூயார்க்குக்கும், 1738இல் நியூஜெர்சிக்கும் அவர் அரசு அச்சகத்தாரானார். 1746 ஜூலை 28இல் மறைந்தார். அவர் சிறையிலிருந்த மாதங்களில் அச்சகத்தை நடத்தியவர் அன்னா கத்தரீனா; ஆயினும் அப்போது வந்த ஒவ்வோர் இதழின் அடியிலும் அச்சிட்டவராகக் கணவர் பெயரே இருந்தது. கணவர் மறைந்த பின்னரே ‘கைம்பெண் கத்தரீன் ஸெங்கர்’ என அவர் பெயர் இதழில் இடம்பெற்றது. ‘இன்’ விகுதி அதில் இல்லை. 1748 இறுதி வரை அவர் நடத்தி, மூத்தாள் மகன் எனக் கருதப்படும் ஜானிடம் அச்சகத்தை ஒப்படைத்தார். இதழ் 1751 மார்ச்சில் நின்றது.